திருகோணமலைத் துறையும் முரசு நோயின் சரித்திரமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோட்டை வாயிலில் மாறி மாறி ஏறிய கொடிகளையும், கொத்தளங்களில் நின்ற பீரங்கிகளின் தொகையையும், ஐரோப்பிய இராசதானிகளில் கையொப்பமான உடன்படிக்கைகளின் தேதிகளையுமே ஆதாரமாகக் கொண்டனர். கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயரும், 1639ஆம் ஆண்டில் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும், 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே இத்துறையை முறைவைத்துக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் பாடப்புத்தகங்களில் நிறைய இடம் பெற்றுள்ளனர். ஆனால் அக்கப்பல்களில் வந்து இறங்கிய மாலுமிகளின் தேக நிலையைப் பற்றி, விசேஷமாக அவர்களுடைய பற்களைப் பற்றி நிற்கும் ஈறாகிய முரசின் நிலையைப் பற்றி, எவரும் விரிவாக எழுதியதாகக் காணோம். ஒரு கடற்படை இன்னும் எத்தனை வாரம் கடலில் நிற்க வல்லது என்பதை மாலுமியின் முரசின் நிலையும் சேர்ந்தே தீர்மானித்தது என்பதை அறிந்தவர்க்கு, இது புறக்கணிக்கத்தக்க சிறு விஷயமாகத் தோன்றாது.

இந்து சமுத்திரத்தில் ஐரோப்பியர் நடத்திய பிரயாணங்களின் ஆரம்பத்திலேயே இந்நோய் அவர்களைத் தொடர்ந்து வந்தது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பிய வழியில், 1498ஆம் ஆண்டின் இறுதியில், சாதகமான காற்றின்றி ஏறக்குறைய மூன்று மாத காலம் கடலிலேயே அலைந்து திரிந்தபோது, மாலுமிகளின் முரசு வீங்கிப் பற்களை மூடிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்து, உணவு உண்ண முடியாத நிலைமை உண்டாகி, சுமார் முப்பது பேர் மாண்டனர். ஸ்கர்வி என்று பிற்காலத்தவர் வழங்கிய இவ்வியாதி முதலில் இனம் தெரியாத சோர்வாகத் தொடங்கும். பின்பு மூட்டுகளில் நோவும், கால்களில் நீலப் புள்ளிகளும் தோன்றும். அதன்மேல் முரசு கருஞ்சிவப்பாகி இளகி, விரல் பட்ட மாத்திரத்தில் இரத்தம் கசிந்து, பற்கள் ஆட்டம் கண்டு, வாயிலிருந்து சகிக்க முடியாத துர்க்கந்தம் வீசும். வருஷக்கணக்காக ஆறியிருந்த பழைய காயங்களும் மறுபடி வாய் திறக்கும். இத்தனை குறிகளிலும் தெளிவாய்க் கண்ணுக்குப் புலப்படுவது முரசின் மாற்றமே ஆதலால், முரசை விரலால் அழுத்தி இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது வைத்தியனுக்கு எளிய பரீட்சையாயிற்று.

இந்நோய்க்கும் திருகோணமலைக்கும் உள்ள சம்பந்தம் பூகோளத்தால் ஏற்பட்டது. சென்னை, கூடலூர், நாகபட்டினம் என்னும் சோழமண்டலக் கரைப் பட்டினங்கள் யாவும் திறந்த கடலோரங்களே. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று எழும்பிவிட்டால் அங்கே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் எந்த இரவிலும் கரையில் மோதி உடையக்கூடும். கிழக்குக் கரை முழுவதிலும், எல்லாக் காற்றுக்கும் ஒதுங்கிப் பெரிய யுத்தக் கப்பல்கள் ஆண்டு முழுவதும் தங்கத்தக்க ஆழமான உட்குடா வாய்த்தது கொட்டியாரக் குடாவின் வடபாகத்தில் மலைகள் சூழ அமைந்த திருகோணமலைத் துறை ஒன்றே. இதனை இழந்த கடற்படை மாரியைக் கழிக்க இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கே போகவேண்டும். அங்கு போய்த் திரும்புவதென்றால் மாதங்கள் கழியும். உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த விஸ்கோத்தும் தவிர வேறு ஆகாரம் இல்லாத மாலுமியின் சரீரத்திலோ, இரண்டு மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டத் தொடங்கிவிடும்.

1782ஆம் ஆண்டின் சம்பவங்களை இந்த நோக்கோடு மீண்டும் வாசித்தால் அவற்றின் பொருள் துலங்கும். சனவரி மாதத்தில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து நகர்க் கோட்டையையும், துறைமுக வாயிலைக் காத்து நின்ற ஒசன்பேர்க் கோட்டையையும் அடுத்தடுத்துப் பிடித்தார். ஆகஸ்டு மாத இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் படைகளை இறக்கிச் சில தினங்களுக்குள்ளேயே இரண்டையும் கைக்கொண்டார். காற்று உதவாமையால் தாமதித்து வந்த ஹியூஸ், செப்டம்பர் 2ஆம் தேதி துறையை அணுகியபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். மறுநாள் கடலில் நடந்த கடுஞ்சமரில் இரு தரப்புக் கப்பல்களும் சிதைந்தன. வெற்றி தோல்வி தீரவில்லை. தீர்ந்தது வேறொன்று: அவ்வாண்டு மாரியில் ஹியூஸுக்கு ஒதுங்க இடமில்லை, அவர் பம்பாய்க்குப் போனார். அடுத்த ஆண்டு, 1783 யூன் 20ஆம் தேதி, கூடலூருக்கு எதிரே இருவரும் இறுதியாகப் பொருதியபோது, ஆங்கிலக் கப்பல்களில் தண்ணீர் குறைந்திருந்தது. ஸ்கர்வி நோயாளரோ நிறைந்திருந்தனர். சமர் முடிந்ததும் ஹியூஸ் கூடலூர் முற்றுகையை விட்டுச் சென்னைக்குத் திரும்பியதற்கு இவ்விரண்டும் பிரதான காரணங்கள். சுஃப்ரெனுடைய கப்பல்களிலும் ஆட்கள் குறைந்தே இருந்தனர். கூடலூரிலிருந்த தரைப்படையிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டே அவர் அச்சமருக்குப் புறப்பட்டார். ஆயினும் பின்னால் ஒரு துறை இருந்தவர் அவர். இத்துறையின் உரிமை அந்த இரண்டு ஆண்டுகளில் பீரங்கிகளுக்குச் செய்த உபகாரத்துக்குக் குறையாமல் மாலுமிகளின் வாய்க்கும் செய்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்நோய்க்கு மருந்து தெரியாமலிருந்ததா என்றால், தெரிந்தே இருந்தது. ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்கொட்லாந்து வைத்தியர் 1747ஆம் ஆண்டு சாலிஸ்பரி என்னும் கப்பலில் பன்னிரண்டு நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு விதமான சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்த்ததில், தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைவில் தேறினர். 1753இல் அவர் அதனை நூலாகவும் வெளியிட்டார். இருந்தும் நாற்பது ஆண்டுக்கு மேலாக அரசாங்கக் கடற்படை அதனைப் பொது விதியாக ஏற்காமல் காலத்தைக் கழித்தது. ஹியூஸின் மாலுமிகள் கூடலூர்க் கடலில் இரத்தம் துப்பிக்கொண்டு நின்றபோது லிண்டின் நூல் அச்சேறி முப்பது ஆண்டு சென்றிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் நோகிறது.

கடைசியில் தீர்மானமான பரீட்சை நடந்ததும் இந்தக் கடலை நோக்கி வந்த கப்பல் ஒன்றிலேயே. 1794ஆம் ஆண்டு பீற்றர் ரெய்னியர் என்னும் தளபதியின் கீழ் சஃபொக் என்னும் யுத்தக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. மாலுமி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஓர் அவுன்சில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சஞ் சாறும் இரண்டு அவுன்சு சர்க்கரையும், அவர்கள் வழக்கமாகக் குடிக்கும் நீர் கலந்த மதுவில் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. இருபத்துமூன்று வாரம் எந்தக் கரையையும் தொடாமல் வந்த அக்கப்பலில் ஸ்கர்வி பரவவில்லை. சிலரிடம் தோன்றிய குறிகளும் சாற்றின் அளவைக் கூட்டியதும் மறைந்தன. இதன் பின்னர், வைத்தியர் கில்பர்ட் பிளேன் முதலியோரின் முயற்சியால், 1795ஆம் ஆண்டில் கடற்படை நிர்வாகம் எலுமிச்சஞ் சாற்றைப் பொதுவாக வழங்க இணங்கியது. அதே 1795ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அதே ரெய்னியர், அதே சஃபொக் கப்பலோடு திருகோணமலைக்கு வந்தார். கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் தரைப்படையுடன் சேர்ந்து முற்றுகையிட்டு, 26ஆம் தேதி நகர்க் கோட்டையையும், மாதம் முடியுமுன் ஒசன்பேர்க் கோட்டையையும் ஒல்லாந்தரிடமிருந்து பெற்றார். பிற்காலத்தில் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்ற அக்கோட்டையில் அன்று ஏறிய கொடி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இறங்கவில்லை. சுகமான முரசோடு வந்த ஒரு கப்பற் கூட்டமே அதை ஏற்றியது என்று சொன்னால், அது சரித்திரத்துக்கு விரோதமாகாது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் இசையவில்லை. தம்பலகாமத்து வயற்கரையிலும், மூதூர், கிண்ணியாக் குடிமனைகளிலும் தேசிக்காயும் முருங்கையிலையும் அன்றாட ஆகாரத்தில் சேர்ந்தவை. நெல்லிக்கனியோ நம் வைத்திய மரபில் மிகப் பழைய மருந்து. இன்றைய இரசாயன ஆராய்ச்சி விற்றமின் சி மிகுதியாக உள்ள கனிகளுள் அதனை முன்வரிசையில் வைக்கிறது. ஆகவே கடலில் முரசழுகி மாண்ட அந்நிய மாலுமிகளுக்கு வேண்டியிருந்த பொருள், அவர்கள் கண்ணுக்கு எட்டிய கரையிலேயே சாதாரண ஜனங்களின் கொல்லைப்புறத்தில் நின்றது.

எலுமிச்சஞ் சாறு எதனால் குணம் செய்கிறது என்பது விளங்க 1930கள் வரை செல்லவேண்டியிருந்தது. ஹங்கேரி தேசத்துச் சென்ட்-ஜோர்ஜி பிரித்தெடுத்த அமிலமே விற்றமின் சி என்று 1932இல் நிலைநாட்டப்பட்டது. நம் தேகத்தின் தோல், எலும்பு, முரசு யாவற்றையும் இழுத்துப் பிணைத்து நிற்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற அதன் இழை உறுதிப்படுவதற்கு விற்றமின் சி இன்றியமையாதது. ஸ்கர்வியில் கயிறு திரிப்பவன் கை ஓய்ந்துவிடுகிறது. பழைய இழை தேயத் தேயப் புதிய இழை உண்டாவதில்லை. ஓயாமல் புதுப்பிக்கப்படும் முரசு முதலில் தளர்கிறது. நம் ஊர்களில் சாதாரணமாகக் காணப்படும் முரசு நோயின் வழி வேறு. அதில் கயிறு ஒழுங்காகத் திரிக்கப்படுகிறது. ஆனால் அதனை அறுக்கும் கத்தி ஒன்று உள்ளே இயங்குகிறது. பல்லின் அடியில் படியும் படலத்தில் பெருகும் பக்றீரியாக்களை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெண்குழியங்கள் வருகின்றன. அவை வெளியிடும் நொதியங்களுள் ஒன்று கொலாஜனை வெட்டவல்லது. படலம் நீங்காமல் போர் நீடித்தால், பகைவனை அழிக்க வந்த ஆயுதம் சொந்தக் கட்டையே அறுக்கத் தொடங்கி, பல்லைத் தாடை எலும்போடு பிணைத்த நார்கள் அற்று, எலும்பும் கரைந்து, நோவு அதிகம் இல்லாமலேயே பல் ஆட்டம் கண்டு விழுகிறது. கொலாஜனை வெட்டும் இத்தகைய நொதியம் உயிருடலில் உண்டென்பதை 1962ஆம் ஆண்டில் குறொஸ், லப்பியேர் என்னும் இருவர் தவளைக் குஞ்சின் வாலை ஆராய்ந்து முதன்முதலாகக் காட்டினர்.

இவ்வாறு மெல்லப் பல்லைப் பறிக்கும் நோய்க்குக் கடற்படை வைத்தியரின் குறிப்பேடுகளில் இடம் கிடைக்கவில்லை. கப்பலை நிறுத்தாத நோய் அரசாங்கத்துக்கு நோயாகத் தோன்றுவதில்லை. துறைமுகத்தில் கரியும் மரமும் சுமந்த கூலிகளும், கரைவலை இழுத்த மீனவரும் வேப்பங்குச்சியையும் ஆலம் விழுதையும் கரித்தூளையும் நம்பி, வெற்றிலை பாக்குப் புகையிலையால் வாய் சிவந்து, நடுவயதிலேயே பல்லிழந்தபோது, அது வயதின் இயற்கை என்றே அவர்களும் பிறரும் எண்ணினர்.

1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை இத்துறையை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றது. அடுத்த ஆண்டில், இந்தத் துறைக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத ஸ்கண்டினேவிய நாட்டில், முரசைப் பார்க்கும் முறை மாறத் தொடங்கியது. பிறில், கிறாசே என்னும் இரு ஆராய்ச்சியாளர் நாய்களின் தசையில் ஒளிரும் சாயம் ஒன்றை ஊசியால் ஏற்றி, பல்லுக்கும் முரசுக்கும் நடுவேயுள்ள நுண்ணிய பிளவில் வடிதாட் கீற்றைச் செருகினர். மூன்று நிமிஷத்துக்குள் அச்சாயம் தாளில் ஒளிர்ந்தது. உடலின் உட்புறத்து நீர் ஒன்று அப்பிளவின் வழியாக வாய்க்குள் கசிகிறது என்பதும், அங்கு நடப்பதன் செய்தியை அது சுமந்து வருகிறது என்பதும் இதனால் தெரியலாயிற்று. முரசு அழற்சியுறும்போது இந்நீர் அதிகரிக்கிறது. அதில் வெண்குழியங்களும், அவற்றின் நொதியங்களும், சிதைந்த இழையின் துண்டுகளும், அழற்சியைத் தூண்டும் புரதங்களும் கலந்திருக்கின்றன. விரலால் அழுத்தி இரத்தத்தைத் தேடிய காலம் போய், தாட்கீற்றால் ஒற்றி நீரை வாசிக்கும் காலம் இவ்வாறு வந்தது.

ஆயினும் அந்த வாசிப்பு ஏன் அவசியம் என்பதை உலகத்துக்கு உணர்த்தியவர்கள் நம் நாட்டுத் தமிழரே. ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களுமான 565 பேரோடு ஒப்பிடுவதற்காக, 1970ஆம் ஆண்டில் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை மீண்டும் மீண்டும் வந்து அளந்தனர். அத்தொழிலாளர் தமிழர்; பற்றூரிகை அறியாதவர்கள்; பல் வைத்தியம் என்பதை அனுபவித்திராதவர்கள். ஏறத்தாழ எல்லோருடைய பற்களிலும் படலமும் காறையும் படிந்திருந்தன. ஏறத்தாழ எல்லோருடைய முரசும் சிவந்து வீங்கியிருந்தது. அப்படியிருந்தும் 1986இல் வெளிவந்த முடிவு எவரும் எதிர்பாராதது. நூற்றுக்கு எட்டுப் பேரில் நோய் அதிவேகமாக முன்னேறியது. எண்பத்தொரு பேரில் மிதமாக முன்னேறியது. பதினொரு பேரில் சிவந்த முரசோடு நின்றதேயன்றி மேலே செல்லவே இல்லை. முப்பத்தைந்து வயதில் முதல் வகுப்பினரின் பல் பிணைப்புச் சராசரி 9 மில்லிமீற்றர் கழன்றிருந்தது; இடை வகுப்பினருக்கு 4; கடைசி வகுப்பினருக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. நாற்பத்தைந்து வயதில் முதல் வகுப்பினருக்கு அது 13 மில்லிமீற்றராகியது. அவர்கள் பல்லை இழந்துகொண்டிருந்தனர்.

ஒரே தொழில், ஒரே உணவு, ஒரே படலம், ஒரே சிவப்பு. முடிவோ மூன்று விதம். கண்ணால் பார்த்தும் விரலால் அழுத்தியும் இந்த எட்டுப் பேரை அந்தப் பதினொரு பேரிலிருந்து முன்கூட்டிப் பிரித்தறிய முடியாது. பல் வைத்தியர் கையாளும் அளவுகோல் ஊசியும் பல்லைச் சுற்றி ஏற்கெனவே நேர்ந்த நஷ்டத்தைத்தான் அளக்கும்; இப்பொழுது அழிவு நடக்கிறதா, ஓய்ந்திருக்கிறதா என்பதை ஒருமுறை அளந்து சொல்ல இயலாது. ஆகவேதான் வாயின் நீரில் அழிவின் அடையாளத்தைத் தேடும் ஆராய்ச்சி அதன்பின் உலகெங்கும் விருத்தியாகியது. ஊதியம் குறைந்த, வைத்திய வசதியற்ற நம் தொழிலாளரின் வாய் இவ்வாறு உலகப் பல்வைத்திய நூல்களில் பாடமாக ஏறியது. நாற்பது ஆண்டுக்குப் பின், 2010இல், ஆராய்ச்சியாளர் மீண்டும் தேடி வந்தபோது 75 பேரையே கண்டு பரிசோதிக்க முடிந்தது. நோயின் இயற்கைப் போக்கை அறிவதற்காக நீண்ட காலம் பார்க்கப்பட்ட அம்மனிதருக்குப் பதிலாகக் கிடைத்தது என்ன என்ற கேள்வியை நான் விலக்க இயலாதவனாயிருக்கிறேன். அவர்கள் இனத்தவரில் கணிசமானோர் கலவரங்களால் தோட்டங்களை விட்டுப் பெயர்ந்து கிழக்குக்கும் வன்னிக்கும் வந்து குடியேறினர். திருகோணமலை மாவட்டத்திலும் அவர்கள் வாழ்கின்றனர்.

இன்று அந்த நீரில் தேடப்படுவனவற்றுள் முதன்மையானது, மேலே கூறிய வெட்டும் நொதியமாகிய எம்.எம்.பி-8 என்பது. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் திமோ சோர்சா முதலியோர் பல்லாண்டு ஆராய்ந்து, இந்நொதியம் உறங்கு நிலையில் இருப்பதையும் செயற்படு நிலையில் இருப்பதையும் பிரித்தறிந்து, செயற்படு வடிவமே அழிவுக்கு அடையாளம் என்று காட்டினர். அதன் பயனாக, நோயாளி சுத்த நீரால் வாயைக் கொப்பளித்து உமிழ்ந்ததை எடுத்து, கர்ப்பப் பரிசோதனைக்கு உபயோகிப்பதைப் போன்ற சிறு தட்டில் விட்டால், ஒரு மில்லிலீற்றரில் 20 நானோகிராமுக்கு மேல் இந்நொதியம் இருக்குமாயின், சில நிமிஷங்களுக்குள் இரண்டாவது கோடு தெரியும் முறை உண்டாயிற்று. ஊசி இல்லை, இரத்தம் இல்லை, நோவு இல்லை, மருத்துவமாதுவோ பொதுச் சுகாதார உத்தியோகத்தரோ செய்யத்தக்கது. யப்பானில் உமிழ்நீரில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் பரீட்சைத் தாள்களும் பொதுப் பரிசோதனைக்கு வழங்கிவருகின்றன. சிகிச்சைக்குப் பின் அந்த அளவு தணிகிறதா என்று மீண்டும் பார்ப்பதால் நோய் அடங்கியதா என்பதையும் கண்காணிக்கலாம்.

இதனை மந்திரமாகக் கொள்ளக்கூடாது. புகைப்பவரிடமும் நீரிழிவு உள்ளவரிடமும் இந்த அளவுகளுக்குப் பொருள் கொள்வதில் கவனம் வேண்டும். கொப்பளித்த நீர் வாய் முழுவதையும் பற்றிப் பேசுமேயன்றி எந்தப் பல் என்று சொல்லாது. அதற்குத் தாட்கீற்றோ அளவுகோல் ஊசியோ வேண்டும். ஒரே ஒரு பொருளை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே நன்று என்போரும் பலர். காறையைச் சுரண்டி எடுக்கும் கைகள் இல்லாத இடத்தில் இரண்டாவது கோட்டைக் காட்டிப் பயனுமில்லை.

நான் வேண்டுவது இதுவே. லிண்டின் நூல் அச்சேறிய பின் நாற்பத்திரண்டு ஆண்டு மாலுமிகள் காத்திருந்தனர். தேயிலைத் தொழிலாளரின் அளவுகள் அச்சேறியும் ஏறக்குறைய அத்தனை ஆண்டு சென்றுவிட்டது. சுகாதாரத் துறையின் அதிகாரிகளும், பேராதனைப் பல்வைத்திய பீடத்தின் ஆசிரியர்களும், மலைநாட்டிலும் திருகோணமலைக் கரையிலும் இருந்து இப்பரீட்சையை ஆரம்பித்து, மூதூர், கிண்ணியா, குச்சவெளி போன்ற இடங்களின் நீரிழிவுச் சிகிச்சை நாட்களிலேயே வருவோரைக் கொப்பளிக்கச் செய்து பார்க்க ஏற்பாடு செய்யவேண்டும். வாசகரிடமும் ஒரு சொல்: பல் துலக்கும்போது முரசில் இரத்தம் வருமாயின், அது வயதின் இயற்கை என்று விட்டுவிடாமல், அந்த வாரத்திலேயே அருகிலுள்ள அரசாங்கப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள், போகும்போது வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவரையும் அழைத்துச் செல்லுங்கள்.